மஞ்சளுக்குக் காலை வெயில் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய் எழுதியிருந்தார். ஐந்து வாரக் குழந்தை. பிறந்ததிலிருந்தே மணிக்கட்டும் முழங்காலும் நீளவில்லை, மஞ்சள் காமாலை இறங்கவில்லை, எடையும் ஏறவில்லை. தாங்கள் வெளியிட்ட பதில்: "இரண்டும் வேறு வேறு. மூட்டுக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மஞ்சளுக்குக் காலை வெயில் போதும்." பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை மதித்துப் படிப்பவள் என்பதால் இது கூடுதலாக வலித்தது.

இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். மடங்கிய மூட்டு, சிறுநீரகக் கோளாறு, மஞ்சளை இறங்கவிடாத பித்தத் தேக்கம் மூன்றும் சேர்ந்து வரும் ஏ.ஆர்.சி. சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோய் தாங்கள் அறியாததல்ல. வி.பி.எஸ்.33பி என்ற மரபணு 2004லும் அதன் துணையான இன்னொன்று 2010லும் கண்டுபிடிக்கப்பட்டன. இவை பழுதானால், செல்லுக்குள் புரதங்கள் போய்ச் சேர வேண்டிய பக்கம் சேர்வதில்லை. கல்லீரலில் பித்தம் தேங்குகிறது. சிறுநீரில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நீரும் வீணாகின்றன.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மஞ்சள் நிறம் தரும் பிலிருபினின் மொத்த அளவோடு, அதில் கல்லீரல் பதப்படுத்திய பகுதியான நேரடி பிலிருபினையும் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. மலம் வெளுத்திருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் அறுவை செய்வதே நல்லது. இந்தக் குழந்தைக்கு 35 நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த அடைப்பில் ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி பெரும்பாலும் மிக உயரும். ஏ.ஆர்.சி.யில் பித்தம் தேங்கியும் அது உயராது. ஆனால் பச்சிளங்குழந்தைக்கு இயல்பான அளவே பெரியவர்களுடையதைப் போலப் பல மடங்கு. பெரியவர்களுக்கான வரம்பை அச்சிட்டுத் தரும் பரிசோதனைக்கூட அறிக்கையில் சரியான அளவும் 'அதிகம்' என்று தெரியும். பலர் தடுமாறுவது இங்கேதான். கூடவே சிறுநீரில் சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் இருந்தால் சிறுநீரகக் குழல்கள் பழுது.

அடுத்த ஆபத்து, கல்லீரலில் ஊசி குத்தித் திசு எடுக்கும் பயாப்சி. ஏ.ஆர்.சி.யில் ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் அவை வேலை செய்யாது. வைட்டமின் கே ஊசி போட்டு உறைதல் நேரம் சீரானாலும் ரத்தம் நிற்காமல் போகலாம். அதனால் முதலில் மரபணுச் சோதனை. 2 மில்லி ரத்தம், ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில், குழந்தைக்கு வேறு ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே. பெற்றோர் இருவரின் ரத்தமும் வேண்டும்.

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. பைகார்பனேட், போதிய நீர், ஏ, டி, இ, கே வைட்டமின்கள், பித்தம் குறைந்தாலும் செரிக்கும் எம்.சி.டி. எண்ணெய் கலந்த பால், பித்தம் ஓட உதவும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் எல்லாம் துணை மருத்துவமே. பிழைக்காத குழந்தையின் ரத்த மாதிரியையும் எடுத்து வைக்கக் காரணம் உண்டு. குடும்பத்தின் மரபணுப் பிழை இன்னதென்று தெரிந்திருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்க முடியும்.

அதே பக்கத்தில் இன்னொரு வரி: "ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது." பெற்றோர் இருவரும், தமக்கு நோயில்லாமலே பழுதான மரபணுவைச் சுமக்கும் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முந்தைய குழந்தைக்கு வந்ததால் அது குறையாது. தாய்மாமனை மணப்பது இன்னும் நடக்கும் ஊரில் இதை எழுதலாமா?

இதற்கு முன்பும், கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததால் குழந்தைக்குக் கை வளைந்தது என்ற வாசகர் குறிப்பை மறுப்பின்றிப் போட்டீர்கள். ஆலோசனைக்கு வரும் பெண்களின் மாமியார்கள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அரிய நோய் சிறப்பிதழில் 16 கோடி ரூபாய் ஊசிக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. ஊசியே இல்லாத நோய்களுக்கு ஒரு பத்தியும் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வரட்டும். இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளுக்கு நேரடி பிலிருபின் பாருங்கள் என்ற ஒரு வரி போதும். அந்தத் தாயின் முகவரி தங்களிடம் இருந்தால் இதழ் அச்சாகும்வரை காத்திராமல் இன்றே அவருக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மரபணு ஆலோசகர் ஒருவர்,
கோவை