நாற்றத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், வயல்காரர்களுக்கும், சாக்கடைக் குழிகளில் வேலை பார்த்த அண்ணன்மார்களுக்கும், கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திட்ட வரைவு முடிந்து, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. 'பொதுமக்களின் பங்கேற்புடன் தயாரிக்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை மாலைப் பொழுதுகள் கிடக்கின்றன என்று அதைப் புரட்டப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்காலி போட்டு, முடிந்ததும் எடுத்து அடுக்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

கழிவுநீர் யாரும் பேச விரும்பாத விஷயம். தண்ணீர் ஊற்றியதும் அது கண்ணை விட்டுப் போய்விட வேண்டும், கூடவே அதைப் பற்றிய நினைப்பும் போய்விட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நீங்களோ மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசினீர்கள். மலம், வாடை, புழு, சேறு என்று சுற்றி வளைக்காமல் பேசினீர்கள். முதல் கூட்டத்தில் முகம் சுளித்தவர்களும் மூன்றாவது கூட்டத்தில், தொட்டியின் அடியில் படியும் கசடு காய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். முதல் நன்றி இதற்குத்தான்.

அந்த முதல் கூட்டத்துக்குத் திட்டக் குழுவினர் நாங்கள் முடிந்துபோன ஒரு வரைபடத்தோடு வந்தோம். இடம், தொட்டிகளின் எண்ணிக்கை, வாசல் எல்லாம் முடிவாகியிருந்தன. உங்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவதாக எண்ணம். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார்; அடிப்படியில் மக்களை வெறுமனே தலையாட்ட வைப்பது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் முடிவே மக்கள் கையில் இருப்பது. "இன்றைக்கு எங்களை எந்தப் படியில் நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அம்மா, அன்று இரவு வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டோம். அடுத்த கூட்டத்துக்கு வெறும் நில வரைபடத்தையும் பென்சில்களையும் மட்டும் கொண்டுவந்தோம். உங்கள் கேள்விதான் காரணம்.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்துக் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். கடும் வறட்சிக் காலத்தில், 2006இல், சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீர் அணையில் சேர்க்கும் திட்டம் அங்கே வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அந்த மக்களுக்கு அறிவியல் புரியவில்லை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உங்களோடு உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்த நாற்றக் குறிப்பேடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காற்று வருடம் முழுக்க எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்ற சராசரிக் கணக்கு எங்களிடம் இருந்தது. அதை வைத்து, வாடை வீடுகள் பக்கம் வராது என்று சொன்னோம். பழைய நீரேற்று நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கும் அக்காமார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று வீசும்போது வாடை வருவதில்லை, காற்று நின்றுபோகும்போதுதான் வருகிறது, அதுவும் விடிவதற்கு முன்னால் என்றார்கள். சொன்னதோடு விடவில்லை. ஒரு நோட்டு போட்டு, முறை வைத்து, எந்த நாள், எத்தனை மணி, அழுகிய முட்டை வாடையா, புளித்த வாடையா, சன்னலைச் சாத்த வேண்டியிருந்ததா என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். தூங்கி எழுந்த கையெழுத்தில் எழுதிய வரிகள் அதில் நிறைய.

அந்த நோட்டையும் பழைய நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓடிய நேரங்களின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரவில் பம்ப் நெடுநேரம் நின்றுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும்போதெல்லாம் முட்டை வாடை பதிவாகியிருந்தது. காரணம் இதுதான்: கழிவுநீர் காற்றில்லாத குழாயில் மணிக்கணக்கில் தேங்கினால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காற்றசைவு இல்லாத இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே படுத்துக்கொள்வதால், வாயு மேலே போய்க் கலையாமல் தாழ்வான தெருக்களில் ஊர்ந்து வருகிறது. சராசரிக் கணக்கில் இந்த இரவுகள் தெரியவே தெரியாது.

இதனால் வரைவில் நான்கு இடங்கள் மாறின. கழிவுநீர் வந்து விழும் முகப்புத் தொட்டிக்கு மூடி வந்தது. கசடு உலர்த்தும் கொட்டகை வீடுகளிலிருந்து எட்டிய மூலைக்குப் போனது. பம்ப் நீண்டநேரம் சும்மா நிற்காதபடி ஓட்ட நேரம் மாற்றப்பட்டது. மூடிய இடங்களிலிருந்து உறிஞ்சும் காற்று, மரச்சில்லுகளில் வளரும் நுண்ணுயிர்கள் வாடையைத் தின்றுவிடும் உயிர்வடிகட்டி வழியாகப் போய்த்தான் வெளியே வரும். அக்கா, விடியற்காலையில் எழுந்து நீங்கள் எழுதிய வரிகள்தான் இவை எல்லாம்.

குழிகளில் இறங்கி வேலை பார்த்த அண்ணன்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக இந்தக் குழாய்களை உள்ளேயிருந்து அறிந்தவர்கள் நீங்கள்; ஒரு திட்டக் கூட்டத்துக்கு உங்களை யாரும் கூப்பிட்டது இதுவே முதல்முறை என்று சொன்னீர்கள். கேட்டபோது தலைகுனிந்தேன். வாடை அடித்தால் பயமில்லை, அடித்துக்கொண்டிருந்த வாடை திடீரென்று நின்றால்தான் பயம் என்று உங்களில் ஒருவர் சொன்னதும் கூடம் அமைதியாகிவிட்டது. அது உண்மை. அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்கும். வாடை போய்விட்டதே என்று நம்பி இறங்குகிறவர் திரும்பி ஏறுவதில்லை.

அன்று நீங்கள் வரைபடத்தின் மேல் குனிந்து, விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினீர்கள். இந்தச் சல்லடை அடைத்துக்கொண்டால் யார் எடுப்பது? இந்தப் பம்ப் நின்றால் எப்படி மேலே தூக்குவது? இந்த மூடியை ஒரு ஆளால் திறக்க முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் அன்றிருந்த வரைபடத்தின் பதில், ஒரு மனிதன் உள்ளே இறங்குவான் என்பதுதான். இப்போது சல்லடையைச் சுத்தம் செய்ய இயந்திரக் கை இருக்கிறது. பம்புகள் தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பிகளில் மேலே ஏறிவரும். கழிவுநீருக்குள் மனிதர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எந்த வேலைக்கும் வரக் கூடாது என்பது வரைவின் முதல் பக்கத்தில் முதல் விதியாக அச்சாகியிருக்கிறது. அந்த விதிக்காக நீங்கள் எங்களிடம் கெஞ்ச வேண்டி வந்திருக்கவே கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று தன் வீட்டுச் சுவரில் கோடு காட்டிய பெரியவருக்கு நன்றி. கழிவுநீர் தானாக ஓடிவர வேண்டும் என்பதால் இத்தகைய நிலையங்கள் தாழ்வான இடத்தில்தான் அமையும். வெள்ளமும் அங்கேதான் முதலில் வரும். மின்பலகை அறை இப்போது அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

வயல்காரர்கள் இரண்டே கேள்வி கேட்டார்கள், இரண்டும் கூர்மையானவை. வெளியே வரும் தண்ணீரில் புழு முட்டை இருக்குமா? உப்பு இருக்குமா? பாசனத்துக்கு விடும் நீரில் குடற்புழு முட்டை லிட்டருக்கு 1க்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழிவுநீருக்குள் காற்றை ஊதிச் சுத்திகரித்தாலும் அந்த முட்டைகள் சாவதில்லை, அடியில் படிய நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் கடைசியில் ஒரு குளம் சேர்ந்தது. உப்பு விஷயத்தில் உங்களுக்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லை. கரைந்த உப்பை நுண்ணுயிர்கள் தின்பதில்லை. நாங்கள் கட்டும் எந்தத் தொட்டியும் அதை எடுக்காது. அது புறப்படும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்று நீங்கள் விடாப்பிடியாக நின்றதால், உப்பு மிகுந்த தொழிற்சாலைக் கழிவைப் பொதுக்குழாயில் விடக்கூடாது என்ற நிபந்தனை வரைவில் ஏறியது.

பத்து வருடம் கழித்து கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள் என்று கேட்ட தம்பிக்குத் தனி நன்றி. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் உலகுக்குச் சொன்ன முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது: கழிவுநீருக்குள் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்ன வைப்பது. ஒரு நிலையம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ இந்தக் காற்றுக்கே போகும். கட்டிவிட்டு ஓட்டப் பணமில்லாமல் பூட்டிப்போட்டால் ஆற்றுக்கு என்ன லாபம்? உங்கள் கேள்விக்கு அப்புறம்தான் பராமரிப்புச் செலவுக்கென்று ஓர் அத்தியாயமே எழுதினோம். வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் பொதுக் கூட்டத்தில் வைப்பது என்பதும் அதில் இருக்கிறது.

தெருத்தெருவாக நடந்து, எந்த வரைபடத்திலும் இல்லாத வடிகால்களைக் குறித்துத் தந்த இளைஞர்களே, கராச்சியின் ஒராங்கி குடியிருப்பில் 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில் சந்து சந்தாக மக்களே கூடிச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள் என்று படித்திருக்கிறேன். நீங்கள் நடந்ததைப் பார்த்தபோது அது எப்படி நடந்திருக்கும் என்று புரிந்தது. கூட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் கலைச்சொற்களைப் பேச்சுமொழியில் மாற்றிச் சொன்னவர்களுக்கும், கூடத்தின் சாவியைக் கேட்டபோதெல்லாம் தந்தவருக்கும் நன்றி.

கடைசியாக, மதிலுக்கு மிக அருகில் வீடு உள்ள ஐயாவுக்கு. இன்றைக்கும் நீங்கள் இந்த இடத்துக்குச் சம்மதிக்கவில்லை. முழுவதையும் பூமிக்கடியில் கட்டச் சொன்னீர்கள், எங்களால் முடியவில்லை. மூடிய அறைகள் கூடக்கூட வாயு தங்கும் இடங்களும் கூடும் என்று சொன்னேன், உங்களுக்கு அது போதவில்லை. சரி, உங்கள் மறுப்பு ஒரு சொல்லும் மாறாமல் வரைவின் இணைப்பில் இருக்கிறது. ஒரு கூட்டத்தையும் விடாமல் வந்தீர்கள். வேண்டாம் என்கிறவர் வராமலே இருந்திருக்கலாம். வந்து எங்களை ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்குக் காட்ட வைத்தீர்கள், மதிலுக்கும் முதல் தொட்டிக்கும் நடுவே இருக்கும் மரவரிசை உங்களால் வந்தது.

நாற்றக் குறிப்பேட்டின் முதல் நோட்டு நிரம்பிவிட்டது. இரண்டாவது நோட்டு வாங்கியாகிவிட்டது. நிலையம் ஓடத் தொடங்கும் அன்று அது வாசல் அறையில், வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில், நூல் கட்டிய பேனாவோடு இருக்கும். இரவுப் பணியில் இருப்பவர் காலையில் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணியை ஒப்படைக்க வேண்டும் என்று வேலை விதியில் எழுதியிருக்கிறோம். அக்கா, எந்த நேரமானாலும் வந்து எழுதுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
திட்டக் குழுவில் உங்களோடு உட்கார்ந்த பொறியாளன்