செவலைக்காக வந்து நின்றவர்களுக்கு

எங்கள் செவலைப் பசு ஜோனீஸ் என்ற குடல் நோயில் போய் நாற்பது நாளாகிறது. அன்றைக்கே உங்களுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

முதலில் கறவை பார்க்கும் அண்ணனுக்கு. மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு அவள் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தபோது, பூச்சி மருந்தை மூன்று முறை ஊற்றிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். "தீனி குறையலை, காய்ச்சல் இல்லை, ஆனா விலா எண்ண முடியுது. இது பூச்சி இல்லீங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கீழ்த்தாடையில் தண்ணீர்ப் பை போலத் தொங்கிய வீக்கத்தை விரலால் அழுத்திக் காட்டினீர்கள். பள்ளம் அப்படியே நின்றது. அன்று இரவே டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர், நீங்கள் முதலில் கேட்டது கழிச்சலைப் பற்றி அல்ல. "இவ கன்னுக்குட்டியா எங்க இருந்தா?" என்றீர்கள். பிறந்த சில மாதங்களுக்குள் சாணத்தாலோ சீம்பாலாலோ தொற்றி, இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை, சில சமயம் அதற்கும் மேல், சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும் நோய் என்று பிறகுதான் விளங்கியது. ஆசனவாயில் கைவிட்டு உட்சவ்வைக் கிள்ளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தீர்கள். சாணத்தையும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினீர்கள்.

ஆய்வகத்துச் சகோதரிக்குத் தனியாக ஒரு நன்றி. அறிக்கையை நீட்டிவிட்டு அனுப்பாமல், நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னீர்கள். சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. காசநோய்க் கிருமிக்குப் பங்காளியாம். 1895-இல் ஜெர்மனியில் இதை விவரித்த இருவரில் ஒருவரான ஜோனே என்பவரின் பெயரால்தான் ஜோனீஸ் நோய் என்கிறார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் குணப்படுத்த மருந்து இல்லை. "ஊசிக்குச் செலவு பண்ணாதீங்க, தேறாது" என்று டாக்டர் நேராகச் சொன்னபோது கசந்தது. இப்போது அதற்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. செவலையை எங்களுக்கு விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுடைய தாயும் இப்படிக் கழிந்து கழிந்தே போனதாம். விற்கும்போது அவர் மூச்சுவிடவில்லை. அந்தக் கோபம் தணியும் முன்பே, விஷயத்தைச் சொல்லாமல் அவளை வியாபாரியிடம் தள்ளிவிட நானும் துணிந்தேன். ஆடு வளர்க்கும் அக்கா மட்டும் இல்லையென்றால் தள்ளியிருப்பேன். "என் ஆடு ஆறும் இதுலதான் போச்சு. ஆட்டுக்குப் பெரும்பாலும் கழிச்சல்கூட வராது, சும்மா இளைச்சுக்கிட்டே போகும். எனக்கு யாரும் சொல்லலை. நீயும் சொல்லாம விக்கப்போறியா?" வியாபாரியைத் திருப்பி அனுப்பினேன்.

அவள் விழுந்து எழாமல் போன பிறகு டாக்டர் வயிற்றைத் திறந்து காட்டினார். சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்தது. இரு கையால் இழுத்தும் சுருக்கம் நிமிரவில்லை. அத்தனை தின்றும் உடம்பில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கன்றுகளுக்குத் தனிக் கொட்டில் போட இரண்டு நாள் மண் சுமந்த பிள்ளைகளே, பெரிய மாடுகளின் சாணமும் கழுவுநீரும் அந்தப் பக்கம் எட்டக்கூடாது என்று மேடு கட்டிக் கொடுத்தீர்கள். சாணத்திலும் மண்ணிலும் அந்தக் கிருமி ஒரு வருஷம்வரைகூடக் கிடக்கும் என்பதால், பழைய இடத்தில் இப்போதைக்குக் கன்று கட்டுவதில்லை. மீதி ஒன்பது மாடுகளின் ரத்தத்தில் இரண்டுக்குத் தொற்று தெரிந்தது. அவற்றைப் பிரித்துவிட்டோம், அவற்றின் சீம்பாலைக் கன்றுகளுக்குக் கொடுப்பதில்லை. மற்ற ஏழும் தப்பின என்று சொல்ல முடியாது. ஆரம்ப நிலையில் சோதனை தவறவிடும் என்று ஆய்வகத்துச் சகோதரி எச்சரித்திருக்கிறார்.

அக்கா, அடுத்த சோதனை ஆறு மாதத்தில். முடிவு எதுவானாலும் முதல் போன் உங்களுக்குத்தான்.