சாந்தி கேண்டீன்: ஒரு மெஸ்காரரின் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் கியர் தயாரிக்கும் சாந்தி கியர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சுப்பிரமணியம் ஐயாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நினைவுக் கட்டுரையைப் படித்தேன். 1996-ல் அவர் தொடங்கிய சாந்தி சோசியல் சர்வீஸ் அறக்கட்டளை, அதன் குறைந்த கட்டண மருத்துவம், மருந்துக்கடை, எரிவாயு மயானம் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த அறக்கட்டளை சிங்காநல்லூரில் நடத்தும் மலிவு விலை கேண்டீனை மட்டும் அவர் செய்த தானதர்மங்களில் ஒன்றாகச் சேர்த்து ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் திருச்சி ரோட்டில் சின்னதாக மெஸ் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அது குறையாகப் பட்டது. அவர் நல்ல மனசுக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நல்ல ஓட்டல்காரர் என்பதையும் யாராவது எழுத வேண்டாமா?

கேண்டீன் வந்த புதிதில் போட்டிக் கடைக்காரன் கண்ணோடுதான் அங்கே போனேன். வெளியே விற்கும் விலையில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் எங்கேயோ கை வைத்திருப்பார்கள், அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு எண்ணம். எங்கள் தொழிலில் கை வைக்கும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். தேங்காய் விலை ஏறினால் சட்னியில் பொட்டுக்கடலை ஏறும். பருப்பு ஏறினால் சாம்பாரில் பூசணிக்காய் மிதக்கும், அடியில் கரண்டி விட்டாலும் பருப்பு சிக்காது. பொரித்த எண்ணெய் மறுநாளும் அடுப்பேறும். அரிசியில் ஒரு ரகம் கீழே இறங்கினால், சாப்பிடுகிறவர் நாக்குக்குத் தெரிவதற்குள் ஒரு மாசம் ஓடிவிடும்.

அங்கே சட்னியை விரலில் தேய்த்துப் பார்த்தேன், தேங்காய்தான். சாம்பாரைத் தட்டில் ஊற்றிச் சாய்த்தேன், பருப்பு நின்றது. பூரியை இரண்டாகக் கிழித்து முகர்ந்தேன். பழைய எண்ணெய் வாடை இல்லை. பக்கத்தில் நின்று சாப்பிட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தட்டு, டம்ளர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மேஜையைத் துடைத்த துணிகூட வெள்ளையாக இருந்தது. ஓட்டல் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும், மேஜை துடைக்கிற துணியை வெள்ளையாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று.

அடுத்தது வரிசை. முதியவர்களுக்கு மதியம் இலவசச் சாப்பாடு உண்டு, அது தனி ஏற்பாடு. மற்ற எல்லோரும் காசு கொடுத்து பில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை, தேனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர், குடும்பத்தோடு காரில் வந்தவர், எல்லோருக்கும் ஒரே கவுன்டர், ஒரே விலை. நீ யார், உன் வருமானம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு இட்லி மட்டும் வாங்கினாலும் பில் போடுகிறவர் முகம் சுளிப்பதில்லை. இதுவே ஏழைகளுக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருந்தால் காரில் வருகிறவர் உள்ளே வந்திருக்க மாட்டார். உண்மையில் தேவைப்பட்டவரும் வெளியிலேயே நின்று கூசியிருப்பார். கையேந்துகிற நினைப்பே வராதபடி ஒரு கடையை அமைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

எங்களுக்கு வருத்தமும் இருந்தது, மறைப்பானேன். கடை வாடகை, வட்டி, மாஸ்டர் சம்பளம், மாசம் பிறந்தால் மாறும் கமர்ஷியல் சிலிண்டர் விலை, இதையெல்லாம் கட்டிக்கொண்டு அந்த விலைக்கு நாங்கள் போட்டால் மூன்றாம் மாதம் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அவருக்குப் பின்னால் கியர் தொழிற்சாலை இருந்தது. 2012-ல் நிறுவனம் முருகப்பா குழுமத்தின் கைக்குப் போன பிறகும் அவருக்கு முதலுக்குப் பஞ்சமில்லை. லாபம் வேண்டாம் என்று உட்கார்ந்தவரோடு, லாபத்தில் குடும்பம் நடத்துகிறவன் மல்லுக்கட்ட முடியுமா? அவரால் எங்கள் மதிய வியாபாரம் அடிபட்டது நிஜம். அதையும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், அவர் மேல் உள்ள மரியாதை அதனால் குறைந்துவிடாது.

சரி, அவர் விலைக்கு எங்களால் விற்க முடியாது. ஆனால் அவர் போட்ட கணக்கு ஒன்று எல்லோருக்கும் ஆகிற கணக்கு. அதே அறக்கட்டளையின் சாந்தி பெட்ரோல் பங்கில் விலை உயர்ந்த அன்று என்ன நடக்கும் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். டேங்கில் இருக்கிற பழைய சரக்கு தீருகிற வரைக்கும் பழைய விலைதான். புது லோடு வந்த பிறகுதான் புது விலை. வாங்கின விலை என்னவோ அதற்குத் தகுந்த விலை, அவ்வளவுதான். இதற்கு அறக்கட்டளை தேவையில்லை, தொழிற்சாலை தேவையில்லை. ஆனால் எங்கள் ஓட்டல் தொழிலில் வெங்காயம் ஏறினால் மறுநாள் காலையில் விலைப்பலகை மாறும், இறங்கினால் பலகை அப்படியே தொங்கும். 2017 நவம்பரில் ஏ.சி. ஓட்டல்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்தும் சாதா ஓட்டல்களுக்கு 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்ததே, எத்தனை கடையில் பில் இறங்கியது? சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவை எடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரர்கள் காரணம் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பில்லே இறங்காமல் இருக்கிற அளவுக்கு இல்லை.

2020 டிசம்பரில், 78 வயதில் அவர் காலமானபோது கொரோனா காலம். அவர் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்ததே அஞ்சலிப் படத்தில்தான். அத்தனை காலம் அவர் கடையில் சாப்பிட்டவர்களில் பலருக்கும் அப்படித்தான். ஊர் முழுக்க பேனர் கட்டிக்கொள்ளும் ஆட்களுக்கு நடுவே படம் கூடக் காட்டாமல் இருந்துவிட்டுப் போனார். இப்போது அவருக்குச் சிலை வேண்டும், சாலைக்குப் பெயர் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக ஒப்புதலில்லை.

அதைவிட, கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சமையற்கட்டை ஒரு பாடமாக வைக்கலாம். கொள்முதல் எப்படி, மீதம் எவ்வளவு, ஒரு சாப்பாட்டுக்கு அரிசி எத்தனை கிராம், ஆட்களுக்கு ஷிப்ட் எப்படி என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். நீங்களே செய்யலாம். நிருபரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பாதீர்கள், கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். காலையில் சரக்கு இறங்கும் நேரத்துக்கு அனுமதி கேட்டு அனுப்புங்கள். துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி கையில் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மெஸ்காரர் ஒருவர்,
கோவை.