சேலம், ஏற்காடு சார்ஜிங் நிலைய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்: அடாப்டர் விதியை எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

சேலத்தில் மின்வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அடாப்டர் (ஒரு வகை பிளக்கை இன்னொரு வகைக்குப் பொருத்தும் இணைப்பான்) மாட்டி விரைவு சார்ஜ் செய்யலாமா என்று கேட்டால், ஒரு நிலையத்தில் தாராளமாக அனுமதிக்கிறார்கள். இன்னொன்றில் கையிலிருப்பது எந்த வகை என்றுகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டுமே தவறு.

டிசி (நேர்மின்னோட்ட) விரைவு சார்ஜிங்கில் பிளக் பொருந்தினால் மட்டும் போதாது. இன்று கார்களுக்குப் பொதுவாகிவிட்ட சிசிஎஸ்2 என்ற பிளக் முறையில் சார்ஜரும் காரும் பைலட் எனும் சைகைக் கம்பி வழியே தகவல் பரிமாறுகின்றன. பாரத் டிசி-001 என்ற பழைய இந்தியத் தர சார்ஜர்களில் இருந்த ஜிபி/டி என்ற பிளக் முறையிலோ அது கேன் எனப்படும் தனித் தகவல் கம்பிகளில் நடக்கிறது. இடையில் சைகைகளை மாற்றித் தரும் மின்னணுச் சுற்று இல்லாத அடாப்டர் வெறும் உலோகத் துண்டுதான். அந்தச் சுற்று இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. அரசுத் துறைகளின் பயன்பாட்டுக்கு வாங்கப்பட்ட இ-வெரிட்டோ போன்ற கார்கள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. அவற்றின் பேட்டரி 72 வோல்ட், சிசிஎஸ்2 சார்ஜர்களோ பெரும்பாலும் 150 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை; ஆகவே அந்த பேட்டரியை அவற்றில் சார்ஜ் செய்ய முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இணையத்தில் அடாப்டர் வாங்கிப் பணத்தை இழப்பவர்கள் தப்பிப்பார்கள்.

என் பட்டறைக்கு வந்த ஓர் அடாப்டரில் ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 10 வாட் வெப்பம் அங்கே தேங்கும். 200 ஆம்பியரில் அது 40 வாட். சார்ஜர் கேபிளின் முனையான கன்னிலும், காரில் அது செருகப்படும் இன்லெட்டிலும் உள்ள வெப்ப உணரிகள், நடுவில் நுழைந்த இந்த இணைப்பின் சூட்டை உரிய நேரத்தில் அறியும் என்று நம்பியிருக்க முடியாது. பூட்டு சரியாக விழாமல், மின்சாரம் பாயும்போதே யாரேனும் இழுத்துவிட்டால், டிசியில் எழும் தீப்பொறி எளிதில் அணையாது.

மெதுவான ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜிங் வேறு. ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள கார் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் செல்ல, 1,200 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஏறக்குறைய 5 யூனிட் செலவாகிறது. அப்படி வந்து நிற்பவரிடம் நீல நிற மூன்று பின் சாக்கெட்டிலிருந்து கார்களின் ஏசி பிளக்கான டைப் 2க்கு மாற்றும் தரமான அடாப்டர் இருந்து, எர்த்தும் சரியாக இருந்தால், 3.3 கிலோவாட்டில் சார்ஜ் செய்ய அவரை மறுப்பது நியாயமன்று.

ஆகவே ஒவ்வொரு சார்ஜருக்கு அருகிலும் தமிழில் பலகை வையுங்கள். கார் நிறுவனமோ சார்ஜர் நிறுவனமோ எழுத்துப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட டிசி அடாப்டரை மட்டும் அனுமதியுங்கள். ஏசி அடாப்டர்களுக்குத் தனி விதி எழுதுங்கள். ஸ்கூட்டர்களுக்கு எந்த பிளக் என்பதையும் குறிப்பிடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்பதையும், அழைத்தால் உடனே எடுக்கப்படும் தொலைபேசி எண்ணையும் அதே பலகையில் எழுதுங்கள். ஏற்காடு கோடை விழாவுக்கு வண்டிகள் மலையேறத் தொடங்கும் முன்பே இதைச் செய்து முடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்து மின்வாகனப் பழுதுநீக்குநர் ஒருவர்