ஒண்டும் நடக்காத எபிசோட்டை ஸ்கிப் பண்ணப் போற எங்கட ஒழுங்கைப் பெடியளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கச்சிமாரே,

வெள்ளிக்கிழமை ராவில மேல்மாடியில புரொஜெக்டர் பூட்டி கேம் ஒஃப் த்ரோன்ஸ் எண்ட அமெரிக்க டிவித் தொடரை முதல்ல இருந்து திருப்பிப் பாக்கிறியள், நல்ல விசயம், நுளம்புத்திரியும் கொளுத்திக்கொண்டு நானும் ஒரு மூலையில வந்து இருக்கிறனான்தானே. ஆனா போன கிழமை நான் வராத நேரம் பாத்து கையுயத்தி வோட்டு எடுத்திருக்கிறியள், எட்டாம் சீசன்ர ரெண்டாவது எபிசோட், அந்தப் பெரிய சண்டைக்கு முதல் ராவைக் காட்டுறது, வேண்டாமாம், ஒரு மணித்தியாலம் சும்மா கதைச்சுக்கொண்டு இருக்கினமாம், நேர மூண்டாவதுக்கு, சண்டைக்குப் போவமாம். ஒண்டும் நடக்கேல்லயாம்!

அந்த எபிசோட் முதல் போன திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, நீங்கள் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளையள். 2019 ஏப்ரல் 21. அமெரிக்காவில ஞாயிறு ராத்திரி, எங்களுக்குத் திங்கள் விடிய ஆறரை. அந்த ஞாயிறுதான் ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டலுகள், எல்லா இடமும் குண்டு வெடிச்சது. பின்னேரம் ஊரடங்கு, பேஸ்புக் வாட்ஸ்அப் எல்லாம் பூட்டு, வீபிஎன் போடத் தெரிஞ்ச ஆக்கள்தான் கதைச்சினம். திங்கள் பகல் ஒரு தம்பி பென்டிரைவில கொண்டந்து தந்தவன், ராவும் ஊரடங்கு, கேற்றைப் பூட்டிப்போட்டு நானும் அம்மாவும் ஹோலில ஒரு லைட்டை மட்டும் விட்டுட்டு இருந்து பாத்தம். வேற என்ன செய்யிறது, நியூஸ் பாத்துப் பாத்து அம்மா அழுதுகொண்டே இருந்தவ, அதை நிப்பாட்டத்தான் இதைப் போட்டனான்.

அம்மாக்கு இங்கிலீஷும் விளங்காது, கதையும் தெரியாது, டிராகனைக் கண்டா "உதென்ன பல்லியே" எண்டுவா. ஆனா அண்டைக்கு அரைவாசியில கேட்டா, "இதுகள் ஏன் படுக்காம அங்கயும் இஞ்சயும் திரியுதுகள்?" "விடியமுதல் பிணப்படை வந்திடுமாம் அம்மா, சண்டையாம்." அம்மா ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டு, "அப்ப எல்லாருக்கும் சாப்பாடு குடுத்திட்டினமோ?"

அதுதான் அடுத்த சீன். சத்தியமா. டாவோஸ் கிழவன் ஒரு பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில நிண்டு வாற போற சனத்துக்கெல்லாம் சூப் வாக்கிறார், முகத்தில தழும்போட ஒரு சின்னப் பிள்ளை வந்து நான் எங்க போறது எண்டு கேக்குது, தானும் சண்டை பிடிக்கப் போறனெண்டுது, டாவோஸ் வாயடைச்சுப்போய் நிக்கிறார். அவர் முந்தி மகள் மாதிரிப் பாத்த ஷிரீன் எண்ட பிள்ளையை உயிரோட எரிச்சவையல்லோ, அந்த முகம் இந்தப் பிள்ளையில தெரியுது அவருக்கு. ஒரு வசனம் கூட அதைப்பற்றிக் கதைக்கேல்ல. கில்லி எண்ட இளம் தாய்தான் வந்து, கீழ நிலவறையில நானும் என்ர பிள்ளையும் இருப்பம், நீ வந்து எங்களைப் பாத்துக்கொள்ளுவியோ எண்டு கேட்டு அதைச் சமாளிக்கிறா. அதுக்கு அம்மா சொன்னது, "பங்கருக்குள்ள போனாத் தப்பலாமெண்டு ஆர் சொன்னது." அடுத்த எபிசோட்டில அந்த நிலவறையில இருந்த பிணங்களே எழும்பித் தாக்கினது உங்களுக்குத் தெரியும்தானே! ஒரு சீசனும் பாக்காத மனிசி, ஒரு கிழமைக்கு முதலே சொல்லிப்போட்டா.

நான் ஏன் இந்த எபிசோட்டை விடமாட்டனெண்டா, 1995 ஒக்டோபர். எனக்கு ஒன்பது வயசு, யாழ்ப்பாணம் கொக்குவிலில இருந்தனாங்கள். கரண்ட் எண்டா என்னெண்டு வடிவாத் தெரியாத பிள்ளையள் நாங்கள், 90 இல போனது திரும்பி வரேல்ல. நீர்வேலி, கோப்பாய்ப் பக்கம் செல் விழுற சத்தம் கிட்டக் கிட்ட வருது, போறதோ இருக்கிறதோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த இரவுகளில என்ன செய்தம் சொல்லுங்கோ பாப்பம்? ஜாம் போத்தில் விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு பெரியாக்கள் முந்நூற்றிநாலு எண்ட சீட்டாட்டம் விளையாடினவை! கேள்வி கேட்டு, துரும்பு கவிட்டு, கள்ள ஆட்டமெண்டு சண்டையும் பிடிச்சு. அம்மம்மா பழைய கலியாணக் கதையளைச் சொல்லிச் சிரிப்பா. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பங்கர் வாசலில நித்திரையாப் போனனான். ஒக்டோபர் 30 இரவு முழு ஊரும் செம்மணியால, நாவற்குழிப் பாலத்தால நடந்தது, அதை எல்லாரும் எழுதிட்டினம், படமும் எடுத்திட்டினம். அதுக்கு முந்தின ராவுகளை ஒருத்தரும் எடுக்கேல்ல. ஆரோ எங்கயோ இருக்கிற பிரையன் கொக்மன் எண்ட மனுசன் எழுதி, டேவிட் நட்டர் எண்ட மனுசன் எடுத்து வைச்சிருக்கினம், பனியும் கம்பளியும் போட்டு.

இனி அந்த நெருப்படிச் சீன். டிரியனும் ஜேமியும் குடிக்கத் தொடங்கினவை, குளிருக்கு ஒவ்வொராளா வந்து சேருகினம், பிரியென், பொட்ரிக், டாவோஸ், டோர்மண்ட். பொட்ரிக்குக்கு அரைக் கோப்பைதான் எண்டு பிரியென் சொல்ல, டிரியன் வழிய வழிய வாக்கிறார் பாருங்கோ, எங்கட மாமா ஆக்களே. டோர்மண்ட் தான் பத்து வயசில ஒரு அரக்கனைக் கொண்டதாயும், அவன்ர பொஞ்சாதி தன்னைக் குழந்தையெண்டு நினைச்சு மூண்டு மாசம் பால் குடுத்ததாயும் அவிட்டு விடுறார், சொல்லிப்போட்டு கொம்பில இருக்கிறதைத் தாடியெல்லாம் ஊத்திக் குடிக்கிறார். இந்த மனுசன் எங்கட ஊர்த் தவறணையில கள்ளுப் பிளாவோட இருக்கவேண்டியவர், வழி தவறி இந்தக் கதை நடக்கிற வின்டர்ஃபெல் கோட்டைக்குப் போயிட்டார். கதை கேக்கிறவையின்ர முகத்தைப் பாத்தீங்களெண்டா, ஒருத்தருக்கும் என்ன சொல்லுறதெண்டே தெரியேல்ல.

அந்தச் சிரிப்பு அடங்க முதலே பிரியென், வாள் பிடிக்கிற பொம்பிளை. பொம்பிளையள் நைட் (வீரருக்குக் குடுக்கிற பட்டம்) ஆகேலாதாம், வழக்கமாம். டோர்மண்ட் அந்த வழக்கத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லுறார் (எழுதமாட்டன், அம்மா வாசிப்பா). எனக்கு நைட் ஆக விருப்பமே இல்லை எண்டுறா பிரியென், பொட்ரிக் அவவைப் பாக்கிற பார்வையில தெரியும் அது பொய்யெண்டு. ஒரு நைட் இன்னொராளை நைட் ஆக்கலாம், ராசா தேவையில்லை எண்டு ஜேமி எழும்பி வாளை உருவுறார்.

எங்கட அம்மப்பா 2007 இல செத்தவர். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டு, மூண்டு ஆம்பிளப் பிள்ளையளும் வெளிநாட்டில, ஒராளும் வரேலாது. பத்து வருசமாப் பாத்தது சின்னம்மா, கடைசிக் காலத்தில மலசலம் எடுத்ததும் அவதான். கொள்ளி வைக்க ஆளில்லையெண்டு தூரத்துப் பேரன்முறைப் பெடியனொருத்தனைத் தேடுகினம். சின்னம்மா மூலையில நிண்டு "எனக்கென்னத்துக்கு உதெல்லாம், ஆராவது வைக்கட்டும்" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறா. ஒரு பெரியப்பா எழும்பிச் சொன்னார், "பாத்தது அவள், வைக்கிறதும் அவள்தான்." ஒருத்தரும் மூச்சு விடேல்ல. சின்னம்மா அண்டைக்குச் சுடலைக்கு நடந்த நடையும் முகமும், பிரியென் முழந்தாளில இருந்து எழும்பேக்க வந்த அந்த முகமும்... அதை நான் விளங்கப்படுத்த மாட்டன், வந்து பாருங்கோ. பிரியெனா நடிச்ச குவெண்டலின் கிறிஸ்டி 2019 இல எமி எண்ட அமெரிக்க டிவி விருதுக்குத் தன்ர பேரைத் தானே அனுப்பி நொமினேஷன் எடுத்தவ, கம்பனி அனுப்பேல்ல. தியோனா நடிச்ச அல்ஃபி அலனும் அப்பிடித்தான்.

தியோன் எண்டோன ஞாபகம் வந்தது, சான்சாவும் அவனும் முத்தத்தில ஒரு மேசையில இருந்து சூப் குடிக்கிற சின்னத் துண்டு ஒண்டு பொட்ரிக் பாடுற பாட்டுக்கை வரும். கதையே இல்லை. அடுத்த எபிசோட்டில தியோன் ஓடிப்போய்க் குத்து வாங்கேக்க நீங்கள் கத்துறியளே, அந்தக் கத்தல் எங்க இருந்து வருதெண்டு நினைக்கிறியள்? ஜோராக்கு சாம் தன்ர குடும்ப வாளைக் குடுக்கிறதும் இதிலதான், லியானாக் குட்டி ஒளியமாட்டனெண்டு மல்லுக்கட்டுறதும் இதிலதான். இதுகளைப் பாக்காம மூண்டாவது எபிசோட் எண்ட சாவீட்டுக்குப் போனா, ஆற்ற சாவீடெண்டு தெரியாம நிண்ட மாதிரித்தான். இன்னொண்டு, நெருப்படியில இருந்த ஆறு பேரையும் எண்ணிப்பாருங்கோ, நாங்கள் தப்பினாலும் தப்புவம் எண்டு டிரியன் சொன்னது அப்பிடியே பலிச்சது, ஆறு பேரும் அந்தச் சண்டையில தப்பீட்டினம்.

குறையும் சொல்லவேணும்தானே. ஆர்யா, கெண்ட்ரி விசயம் எனக்குச் சரிவரேல்ல, அம்மாக்குப் பக்கத்தில இருந்து ரிமோட்டைத் தேடினதால இருக்கலாம். கிரே வோர்ம் கடற்கரை காட்டுறன் எண்டு மிசாண்டேக்குச் சொல்லேக்கயே இது விளங்காது எண்டு விளங்கிட்டுது, அதைக் கொஞ்சம் ஒளிச்சு வைச்சிருக்கலாம்.

மற்றது, உங்கட மூண்டாவது எபிசோட், 82 நிமிசம், 55 இரவு கஷ்டப்பட்டு எடுத்ததுதான், ஓம். ஆனா ஒண்டும் தெரியாத இருட்டு எண்டு உலகம் முழுக்கப் பேச்சு வாங்கினதும் அதுதான். உங்கட அந்தப் புரொஜெக்டரில, தெருலைட் வேற அடிக்க, நீங்கள் கறுப்புச் சுவரைத்தான் பாப்பியள்.

அதால வாற வெள்ளி ரெண்டாவது எபிசோட். வோட்டைத் திருப்பி எடுக்கிறதெண்டா எடுங்கோ, நான் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு வாறன், நண்டும் றாலும் போட்டு, பெரிய சட்டியில. பிலாவிலை நீங்கள் ஆய்ஞ்சுகொண்டு வாங்கோ. அம்மாவும் வாறா, அவவுக்கு முதுகு சாயிற கதிரை ஒண்டு வேணும், படி ஏற ஒராள் கை பிடிக்கவேணும். பொட்ரிக் பாடத் தொடங்கேக்க ஒருத்தரும் போனைப் பாக்கக்கூடாது.

இப்பிடிக்கு,
முன்வீட்டு அக்கா