அட்வான்ஸ் வாங்கும் முன் அந்தத் தாளைக் கொடுங்கள்

அழகு அறுவை சிகிச்சை மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பணிபுரியும் பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கும் வணக்கம்.

மேற்கையில் தொங்கும் தோலை வெட்டித் தைக்கிற ஆர்ம் லிஃப்ட் சர்ஜரி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது கிலோ குறைந்தவர்களுக்கு மேற்கைத் தோல் பை மாதிரி தொங்குவதும், வியர்வையில் உரசிப் புண்ணாவதும் தினமும் நீங்கள் பார்ப்பதுதான். நானும் அப்படித்தான் வந்தேன். செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை, சர்ஜன் மீதும் குறையில்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே, அதுதான் ஆறவில்லை.

"ஒரு வாரம் போதும் மேடம், ஸ்கூலுக்குப் போயிடலாம்" என்றார் கவுன்சலர். ஆடித் தள்ளுபடி முடியப் போகிறது என்று அன்றைக்கே அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நாள் லீவு போட்டேன். பதினோராம் நாள் போர்டில் எழுதக் கையைத் தூக்கியதும் அக்குளில் சுரீர் என்றது. பின்னக் கணக்கை முடித்துவிட்டு டஸ்டரை எடுக்கும்போது ரவிக்கை ஓரம் ஈரம். முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், ரத்தம்" என்றாள். ஸ்டாஃப் ரூமில் பார்த்தால் தையல் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது.

போன் செய்தேன். "மூணு நாலு வாரத்துக்குத் தோளுக்கு மேல கையைத் தூக்கக் கூடாதே மேடம், ஏன் தூக்கினீங்க?" என்று கேட்டார்கள். இதை அட்வான்ஸ் வாங்கிய அன்று சொல்லியிருந்தால் கோடை விடுமுறை வரை பொறுத்திருப்பேனே!

அக்குள் பக்கம் தையல் பிரிவது இந்த சர்ஜரியில் நடக்கக்கூடியதுதான் என்று பிறகு டாக்டரே சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் ஐந்து வாரம் டிரஸ்ஸிங். இரவும் பகலும் கையை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஸ்லீவ். ரவிக்கை ஹூக் போட முடியாது, குடம் தூக்க முடியாது. எனக்கு வயது 48. என் அம்மாவுக்கு 74. மூட்டுவலியோடு நின்றுகொண்டு தினமும் காலையில் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். அந்த நாட்களில் நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தழும்பும் அப்படித்தான். "கோடு மாதிரி இருக்கும், தெரியவே தெரியாது" என்றார்கள். அக்குளிலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்து கிடக்கிறது. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும், அது அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்தானே? பிறகு ஏன் சுவரில் வெள்ளைக்காரப் பெண்களின் படத்தை மாட்டி வைத்திருக்கிறீர்கள்? முன்கையின் உள்பக்கம் இன்னும் மரத்தே இருக்கிறது. அப்படி ஆகலாம் என்பதைச் சம்மதப் படிவத்தில் போட்டிருக்கிறார்களாம். நான்கு பக்கமும் ஆங்கிலம். ஆபரேஷன் அன்று காலை, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது நீட்டினார்கள். எல்லாம் தெரிந்து, புரிந்து கொடுப்பதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. நோயாளிகளை விளம்பரம் செய்து இழுப்பது தவறு என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. இங்கே கத்தி வைக்கிற காரியத்துக்கு, புடவைக்குப் போடுவது மாதிரி தள்ளுபடி போடுகிறீர்கள். அழகுக்காக வருகிறவள்தானே, எப்படியும் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்துவிட்டீர்களா?

கோபத்தில் பேசிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒரே ஒரு தாள். தமிழில், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிற மாதிரி. எத்தனை வாரம் கை தூக்கக் கூடாது, எத்தனை வாரம் ஸ்லீவ் போட வேண்டும், எப்போது வேலைக்குப் போகலாம், தையல் பிரிந்தால் யாரைக் கூப்பிடுவது, நம் ஊர்ப் பெண்களுக்கு மூன்றாம் மாதத்தில் தழும்பு எப்படி இருக்கும் என்று அதில் இருக்கட்டும். கவுன்சலர் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இன்றைக்கும் யாரோ ஒருத்தி பர்ஸைத் திறந்துகொண்டிருப்பாள். தயவுசெய்து, பணத்தை வாங்கும் முன் அந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை