தட்டச்சு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளைத் தனிச் செயலாளர் (பி.ஏ.) வகுப்பில் சேர்ப்பது எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சகஜம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வேலையின் தொடர்ச்சியாகவே பெற்றோர் பலர் இதைப் பார்க்கிறார்கள். கிராணிக்குச் செக்ரோல் எனும் ஆள்வருகைப் பதிவேடு சரியாக இருந்தால் போதும். பி.ஏ.வுக்கோ இன்னொருவருடைய நாள் முழுவதும் பொறுப்பு. வேர்டு, எக்செல் இரண்டை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை.

முதலில் டைரி, அதாவது முதலாளியின் நாள் திட்டம். ஈப்போவில் 11 மணிக்கு முடியும் கூட்டத்தை அடுத்து கோலாலம்பூரில் 1 மணிக்கு ஒன்றைப் போடுகிறார்கள். நடுவே 200 கிலோமீட்டர் சாலை கிடக்கிறது! கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பழைய நாள்காட்டியை நம்பினால் ஏமாற்றம்தான். தீபாவளிக்குச் சரவாக்கில் விடுமுறை கிடையாது. சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 9க்கு அழைத்தால் அங்கே 6.30.

அடுத்தது பட்டங்கள். டத்தோ பட்டம் பெற்றவருக்குக் கடிதத்தில் ‘யாங் பெர்பஹாகியா’ என்ற மரியாதை அடைமொழி. அவரே நாடாளுமன்ற உறுப்பினரானால் ‘யாங் பெர்ஹோர்மாட்’. மாநில முதல்வரான மந்திரி புசாருக்கு ‘யாங் அமாட் பெர்ஹோர்மாட்’. இதைத் தவறவிட்ட அழைப்பிதழை அச்சடித்த பிறகு திருத்த வழியில்லை.

நம் பெயர்களில்தான் அதிகத் தொல்லை. விமான டிக்கெட்டுக்குப் பெயரை வாட்ஸ்அப் செய்தியிலிருந்து எடுக்கவே கூடாது. கடப்பிதழின் (பாஸ்போர்ட்) நகலைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யில் உள்ள சாய்கோட்டைப் பல பதிவுப் பக்கங்கள் ஏற்பதில்லை. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எதை இடுவது என்பதும் குழப்பம். விமான நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடப்பிதழில் ஆறு மாதமாவது மீதியிருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம்.

கூட்டக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவது வீண். முடிவு, பொறுப்பாளர், கெடுத் தேதி, இவை மூன்றும் வேண்டும். வலப்பக்க ‘திண்டாக்கான்’ (நடவடிக்கை) கட்டம் காலியாக இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதே பேச்சு மறுபடி ஓடும். வரைவு மறுநாளே தலைவர் மேசைக்குப் போக வேண்டும். ஒரு வாரம் போனால் அவருக்கே நினைவிருக்காது.

தட்டச்சுக்கு நிமிடத்திற்கு 40 சொல் நல்ல இலக்கு, பிழையில்லாமல். மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தினமும் 15 நிமிடம் பழகினால் கைகூடும். தேநீர் கலக்கும் வேலை என்று கேலி செய்கிறார்கள். சில நாள் கலக்கத்தான் வேண்டியிருக்கும், அதனால் என்ன?

கட்டணம் கட்டுமுன் பெற்றோர் ஒன்று கேட்க வேண்டும்: சான்றிதழ் யாருடையது? டிப்ளோமா என்றால் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். திறன் சான்றிதழ் என்றால் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யின் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்); அது 1 முதல் 3 வரை நிலைகள் கொண்டது, 4ஆம் நிலை டிப்ளோமா. கடனும் அதற்கேற்ப மாறும்: முன்னதற்கு உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என்., பின்னதற்குத் திறன் மேம்பாட்டு நிதியான பி.டி.பி.கே. இரண்டிலும் சேராத ‘சான்றிதழ்’ வெறும் வருகைச் சீட்டு.

இப்படிக்கு,
செயலகப் பயிற்சி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்